எஸ்டேட் ஜீப்பில் இருந்த பழைய வயர்லெஸ் செட்டை ஹாம் ரேடியோவாக்க: நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஜீப்புகளிலும் டீ ஃபேக்டரி ஆபீஸ்களிலும் ஒரு காலத்தில் கரகரத்துக்கொண்டிருந்த வயர்லெஸ் செட்டுகள், செல்போன் வந்த பிறகு ஸ்டோர் ரூமுக்குப் போய், அங்கிருந்து காயலான் கடைக்கு இறங்கிவிட்டன. பலவற்றுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. அவற்றில் சரியான ஒன்றைப் பொறுக்கி எடுத்து, உரிமம் பெற்ற அமெச்சூர்கள் பொழுதுபோக்காகப் பேசும் 144–146 மெகாஹெர்ட்ஸ் ஹாம் அலைவரிசைக்கு இறக்கிப் பேச முடியும். இதற்காக நான் ஊட்டிக்கும் கோயம்புத்தூருக்குமாக நிறைய அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதில் பணம் மிச்சமாகாது. புதுச் சீனக் கைச்செட்டு இதைவிட மலிவு. ஆனால் மலை உச்சியில் நாலு டவருக்கு நடுவே குடியிருப்பவருக்கு அந்தக் கைச்செட்டில் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. பக்கத்து டவர்களின் பலத்த சிக்னலில் அதன் ரிசீவர் திணறிப்போகும். பழனி மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட்டில் தலைக்கு மேலேயே ஒலிபரப்பாகிறது. பழைய வண்டி செட்டுகளின் ரிசீவரில் நல்ல ஃபில்டர்கள் இருக்கும். பக்கத்துச் சேனலை 70, 80 டெசிபல் வரை தள்ளி நிறுத்தும். இவ்வளவு பாடு பட இந்த ஒரு காரணம் போதும்.

1. காகிதம் முதலில், செட் பிறகு

உரிமம் இல்லாமல் வயர்லெஸ் செட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 1933-ம் ஆண்டு இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். “ஆன் பண்ணவே இல்லையே, சும்மா அலமாரியில் வைத்திருந்தேன்” என்பது செல்லாது. ஆகவே கடையில் நல்ல செட்டு கண்ணில் பட்டாலும், உரிமம் வரும்வரை கை வைக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது அமெச்சூர் ஸ்டேஷன் ஆபரேட்டர் உரிமம். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு வகை. ஜெனரலுக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிக் குறியீடு) தேர்வு உண்டு, நிமிடத்துக்கு 8 சொல் வேகம். 144 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம்மில் பேச ரெஸ்ட்ரிக்டட் போதும், மோர்ஸ் தேவையில்லை. 12 வயது நிரம்பியிருந்தால் எழுதலாம். தாளில் ரேடியோ தொழில்நுட்பம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ரெஸ்ட்ரிக்டடுக்கு ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். தொழில்நுட்பத்தை உருண்டு உருண்டு படித்துவிட்டு விதிமுறையில் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். அந்தப் பகுதியை அசட்டையாக விடாதீர்கள்.

விண்ணப்பம் முழுக்க தொலைத்தொடர்புத் துறையின் ‘சரல் சஞ்சார்’ தளத்தில். கட்டணம் மத்திய அரசின் பாரத்கோஷ் கட்டணத் தளம் வழியாக. நான் கட்டியபோது தேர்வுக்கு 100 ரூபாய், உரிமத்துக்கு 20 ஆண்டுக்கு 1,000, ஆயுள் உரிமமென்றால் 2,000. ஆயுள் உரிமமே எடுத்துவிடுங்கள். புதுப்பிக்கும் தலைவலி இல்லை. அடையாளச் சான்று, வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம், கையெழுத்து எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

மலையில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது முகவரியில். ஆதாரில் எஸ்டேட் லைன் வீட்டு முகவரி, குடியிருப்பது டவுனில் வாடகை வீடு என்றால், ஆதாரை மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்பது உரிமத்திலேயே எழுதப்படும். வண்டி செட்டுதானே என்று அதை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பவும் கூடாது. ஓடும் வண்டியிலிருந்து இயக்குவதற்கு விதி தனி, அனுமதியும் தனி.

தேர்வு எழுதி, தேறி, அழைப்புக்குறி (வானொலியில் உங்கள் அடையாளம்) கைக்கு வர மாதக்கணக்காகும். ரெஸ்ட்ரிக்டடுக்கு வி.யு. 3 (பேச்சில் ‘விக்டர் யூனிஃபார்ம் 3’) என்று தொடங்கும் குறி கிடைக்கும், ஜெனரலுக்கு 2. அந்த மாதங்கள் வீணில்லை. செட்டுகளைப் பற்றிப் படிக்க அதுதான் நேரம்.

2. பெயர்த்தகட்டைப் படியுங்கள்

எல்லாமே இந்தத் தகட்டில்தான் இருக்கிறது. செட்டின் பின்புறமோ அடியிலோ ஓர் அலுமினியத் தகடு ஒட்டியிருக்கும். கடைக்காரர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தகட்டை நம்புங்கள். “அண்ணா, லைட் எரியுதில்ல, அப்போ செட்டு நல்லாத்தான் இருக்கு” என்பார். லைட் எரிவதற்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

முதலில் அலைவரிசை எல்லை. 148–174, 146–174, 136–162 என்றெல்லாம் போட்டிருக்கும். நமக்கு 144–146 வேண்டும். 136-ல் தொடங்கும் செட்டு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 146 அல்லது 148-ல் தொடங்குவதையும் பெரும்பாலும் கொஞ்சம் கீழே இழுத்துவிடலாம். 66–88 என்றோ 400-க்கு மேலோ இருந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கடையில் எல்லாவற்றையும் ‘விஎச்எஃப் செட்டு’ என்றுதான் விற்பார்கள்.

அடுத்தது வாட். இங்கேதான் ஏமாற்று நடக்கிறது, சில நேரம் தெரியாமலே. தகட்டில் ‘13.6 வோல்ட், 6 ஆம்பியர்’ என்று இருக்கும். இரண்டையும் பெருக்கி “80 வாட் செட்டு சார்” என்பார்கள். அது உள்ளே போகும் மின்சாரம். ஆன்டெனாவுக்கு வெளியேறுவது அதில் மூன்றில் ஒரு பங்கு, 25 வாட் சுமார். 45 வாட் வெளியேற்றும் செட்டு 10, 11 ஆம்பியர் வரை இழுக்கும். உங்கள் உரிமத்தில் எத்தனை வாட் வரை என்று எல்லை இருக்கும். பெரிய செட்டானால் அந்த எல்லைக்குள் குறைத்து வைக்க வேண்டும், ஆகவே பெரிய வாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஒரு குறியீடு: ‘16எஃப்3’. 16 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எஃப்எம் பேச்சு என்று பொருள். பேசும்போது அலை மையத்திலிருந்து இருபுறமும் 5 கிலோஹெர்ட்ஸ் விலகும் செட்டு அது, நமக்குச் சரியாகப் பொருந்தும். ‘36எஃப்3’ என்றிருந்தால் 15 கிலோஹெர்ட்ஸ் விலகும் மிகப் பழைய அகலப்பட்டைச் செட்டு. அதன் ரிசீவர் ஃபில்டரையே மாற்ற வேண்டிவரும், வேண்டாம். இந்தக் குறியீட்டு முறை 1982-ல் மாறிவிட்டது. புதிய முறையில் அதையே ‘16கே0எஃப்3ஈ’ என்று எழுதுவார்கள். ஆக, தகட்டில் தேதி இல்லாவிட்டாலும் செட்டின் காலத்தை ஓரளவு ஊகித்துவிடலாம்.

நிலைத்தன்மை ‘0.0005 சதவீதம்’ என்று இருந்தால் நல்ல செட்டு. பத்து லட்சத்தில் 5 பங்கு, அதாவது 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 725 ஹெர்ட்ஸ் வரைதான் நகரும். 0.002 சதவீதம் என்றால் 2.9 கிலோஹெர்ட்ஸ் நகரலாம். சமவெளியில் இது பரவாயில்லை. தலைக்குந்தாவில் உறைபனி விழும் ஜனவரி விடியற்காலையில் செட்டை ஆன் செய்தால், அது சூடேறி நிலைக்கு வரும்வரை எதிர்முனையில் உங்கள் குரல் நசுங்கித்தான் கேட்கும்.

கடைசியாக வோல்ட், முனை. 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது) என்றால் நிம்மதி. லாரி, பஸ்ஸில் இருந்தவை 24 வோல்ட்டாக இருக்கலாம். பழைய இங்கிலாந்துச் செட்டுகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அதை நம் பவர் சப்ளையில் வழக்கம்போல் மாட்டினால் ஒரே நொடியில் புகை. வால்வு வைத்த செட்டுகளும் எப்போதாவது வரும். ரிசீவர் டிரான்சிஸ்டர், கடைசிக் கட்டம் மட்டும் வால்வு என்ற கலப்பு வகையும் உண்டு. மோட்டோரோலா 1958-ல் கொண்டுவந்த மோட்ராக் அப்படிப்பட்டது. உள்ளே பல நூறு வோல்ட் ஓடும். புதியவர்கள் அதைக் கண்காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், கை வைக்க வேண்டாம்.

3. எங்கே வாங்குவது, என்ன எழுதி வாங்குவது

உள்ளூர்க் காயலான் கடை, கோவை உக்கடம், சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு. அரசுத் துறைகள் கழித்த செட்டுகள் எம்எஸ்டிசி என்னும் அரசு நிறுவனத்தின் ஏலத்தில் மொத்தமாகப் போகும், தனி ஆளுக்கு அது சரிப்படாது. எல்லாவற்றையும்விட நல்லது, உரிமம் உள்ள மூத்த ஹாம் ஒருவரிடமே வாங்குவது. அவர் அநேகமாகக் கிரிஸ்டலோடு (சேனலின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் சில்லு) கொடுப்பார்.

செட்டில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இருக்க வேண்டும். சீரியல் எண் சுரண்டப்பட்டிருந்தால் தொடாதீர்கள். போலீஸ், வனத்துறை முத்திரை உள்ள செட்டு என்றால் ஏலச் சீட்டின் நகல் இல்லாமல் வாங்கக் கூடாது. விற்பவரின் பெயர், உரிம விவரம், உங்கள் அழைப்புக்குறி, செட்டின் எண்கள், தேதி போட்டு ஒரு விற்பனைக் கடிதம் இரண்டு பிரதி எழுதிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டிலிருந்து வருவதாக இருந்தால், அவர்களுடைய பழைய வயர்லெஸ் உரிமத்தின் நகலையும், அதை ஒப்படைத்ததற்கான கடிதத்தையும் கேளுங்கள். மேனேஜர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். பர்லியார், கல்லாறு வழியாகச் செட்டைக் காரில் ஏற்றி வரும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

வண்டி செட்டுகளில் இன்னொரு சிக்கல். பெரிய பெட்டி டிக்கியில் இருக்கும், டிரைவர் பக்கம் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். நடுவே பத்து இருபது கம்பிகள் கொண்ட கனத்த கேபிள். காயலான் கடைக்கு வருவது பெரும்பாலும் டிக்கிப் பெட்டி மட்டுமே. கட்டுப்பாட்டுப் பெட்டி, கேபிள், மைக் மூன்றும் இல்லையென்றால் விலை பாதிக்குக் கீழே வர வேண்டும். எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய டாஷ்போர்டு வகை செட்டுதான் முதல் முறைக்கு ஏற்றது. கிரிஸ்டல் இல்லாத, கம்ப்யூட்டரில் சேனல் ஏற்றும் மோட்டோரோலா ஜிஎம் 300 போன்றவை இன்னும் சுலபம். ஆனால் அதற்கு டாஸில் ஓடும் பழைய மென்பொருளும், சீரியல் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரும், இடையில் ஓர் இணைப்புப் பெட்டியும் வேண்டும். இவை கைவசம் உள்ள ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

4. கரண்ட் கொடுப்பதற்கு முன்

மலை ஈரம் செட்டுக்குள் போய்த் தங்கிவிடும். மூடியைக் கழற்றி, ஒரு மரப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்போடு இரண்டு நாள் வையுங்கள். பாசி படிந்த இடங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடையுங்கள்.

உள்ளே ஆன்டெனாவை ரிசீவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் மாற்றிமாற்றிக் கொடுக்கும் ஒரு ரிலே இருக்கும். “செட்டு பேசுது, ஆனா கேக்கல” என்ற புகாரில் முக்கால்வாசிக்கு இதுதான் காரணம். அதன் வெள்ளி முனைகள் கறுத்திருக்கும். உப்புத்தாளைத் தொடாதீர்கள், பூச்சு போய்விடும். தபால் அட்டை கனத்தில் ஒரு காகிதத் துண்டை ஆல்கஹாலில் நனைத்து, முனைகளுக்கு நடுவே செருகி, ரிலேயை விரலால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு காகிதத்தை மெல்ல இழுங்கள். காகிதத்தில் ஒரு கறுப்புக் கோடு வரும். புதுக் காகிதம் எடுத்து, கோடு விழாத வரைக்கும் இழுங்கள்.

வெளியேற்றக் கட்டத்தில் இருக்கும் பவர் டிரான்சிஸ்டர்களுக்குள் வெள்ளைப் பீங்கான் போன்ற பகுதி இருக்கும். பல மாடல்களில் அது பெரிலியம் ஆக்சைடு. உடைக்கவோ அரத்தால் ராவவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம். உடைந்திருந்தால் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி ஒதுக்கிவையுங்கள்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள், சில நூறு ரூபாய் வேலை. பிறகு 13.6 வோல்ட் சப்ளை, வழியில் ஃபியூஸ், ஆன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோடு (சக்தியைக் காற்றில் விடாமல் சூடாக்கிக் கரைக்கும் ரெசிஸ்டர்). டம்மி லோடு இல்லாமல் மைக் பட்டனை அழுத்தவே கூடாது.

5. கிரிஸ்டல்: ஆர்டர் செய்யுமுன் கணக்கு

பழைய டிரான்ஸ்மிட்டர் 145 மெகாஹெர்ட்ஸை நேரடியாக உண்டாக்குவதில்லை. சிறிய அலைவரிசையில் ஒரு கிரிஸ்டல் அதிரும், அதைப் படிப்படியாகப் பெருக்குவார்கள். எத்தனை மடங்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும்: 12, 18, 24, 36. உதாரணத்துக்கு 145.500 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 மடங்குச் செட்டுக்கு 12.125, 18 மடங்குக்கு 8.08333, 24 மடங்குக்கு 6.0625 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஊகத்தில் ஆர்டர் கொடுத்தால் பணம் தண்டம்.

ரிசீவருக்கு வேறு கணக்கு. பெரும்பாலான செட்டுகளில் முதல் இடைநிலை அலைவரிசை (வந்த சிக்னலை ரிசீவர் உள்ளே இறக்கிக்கொள்ளும் அலைவரிசை) 10.7 மெகாஹெர்ட்ஸ். 145.5-லிருந்து 10.7-ஐக் கழித்தால் 134.8. அதை மூன்று மடங்காகப் பெருக்கும் செட்டானால் 44.93333 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஒரு சேனலுக்கு இரண்டு கிரிஸ்டல் ஆயிற்று. ரிப்பீட்டர் (ஓர் அலைவரிசையில் கேட்டதை இன்னொன்றில் திருப்பி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசுவதென்றால் அனுப்பும் அலைவரிசை கேட்பதிலிருந்து வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும், அதற்கு இன்னொரு ஜோடி.

மடங்கு என்பது நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பெருக்கும். 12 மடங்குச் செட்டில் கிரிஸ்டல் 100 ஹெர்ட்ஸ் பிசகினால் வெளியே 1,200 ஹெர்ட்ஸ் பிசகு. ஆகவே ஆர்டர் சீட்டில் இவ்வளவும் எழுதுங்கள்: ஐந்து தசம இடம் வரை அலைவரிசை, அடிப்படை அதிர்வா மூன்றாம் ஓவர்டோனா (சுமார் மூன்று மடங்கில் அதிர்வது), லோடு கெப்பாசிட்டன்ஸ் எத்தனை பிக்கோஃபாரட், கூட்டின் வகை (எச்சி-6 என்றால் பெரியது, எச்சி-25 என்றால் சின்னது), எத்தனை டிகிரியில் சரியாக இருக்க வேண்டும். கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். வழக்கமாக 25 டிகிரிக்கு அரைத்துத் தருவார்கள். ஊட்டி வீட்டு அறை 25 டிகிரியை எட்டுவது அபூர்வம், 18 என்று கேளுங்கள். கிரிஸ்டலை ஒரே சூட்டில் வைத்திருக்கும் ஓவன் உள்ள செட்டானால் ஓவனின் வெப்பநிலையை எழுத வேண்டும். கைக்கு வர ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6. ட்யூனிங்

கிரிஸ்டல் பக்கத்திலிருந்து ஆன்டெனா பக்கமாக, ஒவ்வொரு கட்டமாக உச்சத்துக்குத் திருப்ப வேண்டும். மேனுவலில் மீட்டர் மாட்டும் புள்ளிகள் இருக்கும். காயிலுக்குள் இருக்கும் ‘கோர்’ என்னும் திருகு தண்டைப் பிளாஸ்டிக் திருப்புளியால் மட்டுமே திருப்புங்கள், இரும்பு பட்டால் உடைந்துவிடும். 148-க்கு மேல் என்று செய்யப்பட்ட செட்டில் கோர் முழுக்க உள்ளே போயும் உச்சம் வரவில்லையென்றால், அந்தக் காயிலுக்கு இணையாக ஒன்றிரண்டு பிக்கோஃபாரட் சேர்த்தால் வந்துவிடும்.

வாட் மீட்டர் முள் ஏறியதும் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். 12.125 மெகாஹெர்ட்ஸின் 10 மடங்கு 121.25, 11 மடங்கு 133.375. இரண்டுமே விமானங்கள் பேசும் பட்டைக்குள் விழுகின்றன. கீழே கோவை விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்க, மலை மேலிருந்து அரைகுறையாக ட்யூன் செய்த செட்டை ஆன்டெனாவில் மாட்டுவது விளையாட்டுக் காரியமில்லை. டம்மி லோடில் வைத்து, பக்கத்தில் ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (அலைவரிசைகளைத் திரையில் காட்டும் யுஎஸ்பி ரிசீவர்) லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். 145.5 தவிர வேறெங்கும் துருத்திக்கொண்டு எதுவும் தெரியக் கூடாது. டாங்கிள் இல்லையென்றால் வீட்டு எஃப்எம் ரேடியோவை 97 மெகாஹெர்ட்ஸில் வைத்து, மைக் பட்டனை அழுத்துங்கள். கிரிஸ்டலைப் பெருக்கும் வழியில் 48.5 மெகாஹெர்ட்ஸைத் தொடும் செட்டானால் அதன் இரட்டிப்பு அங்கேதான் விழும். ரேடியோவின் இரைச்சல் சட்டென்று அடங்கினால் கட்டங்களை மறுபடி ட்யூன் செய்ய வேண்டும்.

இன்னொன்று: வண்டி செட்டு தொடர்ந்து பேசுவதற்குச் செய்யப்பட்டதில்லை. ஒரு நிமிடம் பேச்சு, நாலு நிமிடம் ஓய்வு என்ற கணக்கு. நீட்டி முழக்கிப் பேசுபவராக இருந்தால் ஹீட்சிங்கில் ஒரு ஃபேன் வையுங்கள்.

7. ஆன்டெனா, கேபிள், இடம்

கால் அலை ஆன்டெனாவுக்குச் செங்குத்துக் கம்பி சுமார் 49 சென்டிமீட்டர், அடியில் அதே அளவில் நான்கு கம்பிகள் சாய்வாக. நானூறு ரூபாயில் முடியும். கேபிளில் கஞ்சம் பிடிக்காதீர்கள். 10 மீட்டர் மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் போட்டால் 25 வாட்டில் 10 வாட் கேபிளிலேயே போய்விடும். தடித்த ஆர்ஜி-213 போட்டால் 5 வாட்டோடு போகும். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு) 1.5-க்குக் கீழே வந்த பிறகுதான் பேச்சு. வெளியே இருக்கும் இணைப்பில் செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் (தன்னோடு தானே ஒட்டி இறுகும் ரப்பர் டேப்) சுற்றுங்கள். கூடலூர், தேவாலாப் பக்கம் ஒரு தென்மேற்குப் பருவம் போதும், சாதா டேப் சுற்றிய கேபிளில் தண்ணீர் இறங்கிவிடும்.

இடம்தான் வாட்டைவிட முக்கியம். ஊட்டி டவுன் குழிக்குள் இருக்கிறது, சமவெளிக்கும் உங்களுக்கும் நடுவே 2,637 மீட்டர் தொட்டபெட்டா நிற்கும். 45 வாட்டில் கத்தினாலும் மேட்டுப்பாளையம் எட்டாமல் போகலாம். கோத்தகிரி கிழக்குச் சரிவிலோ குன்னூர் விளிம்பிலோ வீடு இருந்தால் 5 வாட் போதும். சமவெளியைவிட 1,400 மீட்டர் உயரத்தில் நின்றால் ரேடியோ அடிவானம் 150 கிலோமீட்டருக்கு மேல். வெலிங்டன் கண்டோன்மென்ட், அருவங்காடு தொழிற்சாலைப் பக்கம் வீடு என்றால், மாஸ்ட் (ஆன்டெனாக் கம்பம்) நடுவதற்கு முன்பே உள்ளூர் நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

8. செலவும் காலமும்

எனக்கு ஆன சுமாரான கணக்கு: செட்டு 3,000, இரண்டு கிரிஸ்டல் 2,500, 13.6 வோல்ட்டுக்கு ஏற்றிக்கொள்ளக்கூடிய எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை 2,000, கேபிளும் கனெக்டர்களும் 2,500, எஸ்டபிள்யூஆர் மீட்டரும் டம்மி லோடும் 3,000, டாங்கிள் 3,000. மீட்டரும் டாங்கிளும் இரவல் கிடைத்தால் மிச்சம். ஆயுள் உரிமத்தையும் சேர்த்து 19,000 ரூபாய்க்குள் அடங்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பதில் 12 வோல்ட் பேட்டரியும் சார்ஜரும் வாங்கிவிடுங்கள்.

பருவம் பார்த்துத் திட்டமிடுங்கள். ஜூனுக்கு முன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டால், தேர்வும் காத்திருப்பும் மழையோடு போகும். உரிமம் வந்ததும் செட்டு வாங்கிக் கிரிஸ்டலுக்கு ஆர்டர். மாஸ்ட் வேலையை ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் முடியுங்கள். ஏப்ரலில் இடி தொடங்கிவிடும். அதன் பிறகு, பேசாத நேரமெல்லாம் ஆன்டெனா கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள்.